யார் சொல்லி வந்தீர்கள்?

நம் விடுதி வாயிலில் காலை ஏழு மணிக்கு ஒரு ரப்பர் ஹாரனின் ஒலி கேட்கும். அதைக் கேட்டதும் தூக்கம் கலையாத கண்களோடு ஓடுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. சைக்கிளின் பின்புறம் ஒரு பெரிய அலுமினிய டப்பா. அதனுள்ளே ஈரத் துணிக்கு அடியில் ஆவி பறக்கும் இட்லி. கைப்பிடியில் தொங்கும் வாளி ஒன்றில் தேங்காய்ச் சட்டினி, மற்றொன்றில் சாம்பார். பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும், சைக்கிளும் போய்விடும். வயிறு நிறைந்த பிறகு, அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் ஏது? முதல் வகுப்புக்கு நேரமாகி விடுகிறதே!

மும்பை நகரில் இவ்வாறு சைக்கிளில் இட்லி விற்பவர்களுள் தமிழர் மிகப் பலர். தாராவியின் குறுகிய சந்துகளில், ஊர் உறங்கிக் கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வீடு ஆவி கிளம்பும். விடிந்ததும் அங்கிருந்து சயான், மாட்டுங்கா, மாஹிம், தாதர் என்று நாலா பக்கமும் சைக்கிள்கள் புறப்படும். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1996ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாம் வயதில் இந்நகருக்கு வந்தார். சில ஆண்டுகள் ஒருவரிடம் கூலிக்கு இட்லி விற்றார். பிறகு தாமே அரைத்து, தாமே அவித்து, தாமே விற்கலானார். "தாமே" என்று மூன்று முறை எழுதிவிட்டேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சிறு வணிகம் செய்பவனுக்கு இரண்டு கலைகள் தெரிய வேண்டும் என்பார்கள். ஒன்று, தன்னைத் தான் ஆளும் கலை. மற்றொன்று, தன் சரக்கைப் பற்றிப் பிறரைப் பேசச் செய்யும் கலை. இவை இரண்டும் வெவ்வேறு என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். முதலாவது என் தந்தையாருக்குத் தெரியும், இரண்டாவதை நான் கற்றுக்கொடுத்தால் போதும் என்றும் எண்ணியிருந்தேன். இரண்டு எண்ணங்களும் பொய்யாய்ப் போன கதையே இக்கட்டுரை. நம் நண்பர்களுள் பலர் படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்கும் ஆசையோடு இருக்கிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் அதைத் தவிர வேறு வழியில்லாமலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் குடும்பத்தின் அனுபவம் சிறிதளவாவது பயன்படக் கூடும்.

2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. எங்கள் சைக்கிள் சுவரில் சாய்ந்தது சாய்ந்ததுதான். பல மாதம் ஹாரன் ஒலிக்கவில்லை. மீண்டும் தொழிலைத் தொடங்கியபோது பாதி வாடிக்கை போயிருந்தது. தாதர்ப் பக்கத்து அலுவலகங்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள். தந்தையார் அதற்கு ஒரு பரிகாரம் கண்டார்: காலைச் சுற்றோடு, நண்பகலுக்குமேல் இன்னொரு சுற்றும் போனார். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து, இரவு பதினொன்றுக்குப் படுத்தார். "உழைச்சா வரும்லே" என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பொருளாதாரம். வரவில்லை.

2022ஆம் ஆண்டு மே மாதம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். நுண்ணுயிரியல் படிக்கிற பையன். நாலு புத்தகம் புரட்டியவன். அப்பாவின் தொழிலை ஒரே வாரத்தில் நிமிர்த்திவிடலாம் என்று தோன்றியது. "அப்பா, நாம இத்தனை வருசமா விளம்பரமே செய்யலை. அதுதான் குறை" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "சரி, செய்" என்று சொல்லிவிட்டார். படித்த பிள்ளை சொன்னால் மறுக்கக் கூடாது என்று எண்ணும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தியிலும் மராத்தியிலும் 1,000 நோட்டீஸ் அச்சடித்தேன். நான்கு இட்லி கொண்ட ஒரு பிளேட் 20 ரூபாய். நோட்டீசு கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டு இட்லி இனாம். மாட்டுங்காவிலும் சயானிலும் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கதவிடுக்குகளில் செருகினேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் என்று நாளும் குறித்தேன்.

திங்கட்கிழமை வந்தது, கூட்டமும் வந்தது. நான் எண்ணிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான்: அத்தனை மாவை யார் அரைப்பது?

எங்கள் வழக்கம் நாளொன்றுக்கு 500 இட்லி. அதற்கு 8 கிலோ புழுங்கலரிசியும் 2 கிலோ உளுந்தும் வேண்டும். எங்களிடம் இருந்த கிரைண்டரில் அதை மாலையில் இரண்டு மூன்று தடவையாக அரைத்து வைத்தால், விடியற்காலை மூன்று மணிக்குச் சரியான பதத்தில் பொங்கி நிற்கும். நான் கேட்டதோ 700. ஆகவே அன்று நண்பகலிலேயே அரைக்கத் தொடங்க வேண்டியதாயிற்று. முதலில் அரைத்த மாவு, மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில், பதினான்கு மணி நேரம் கிடந்தது.

இட்லி மாவைப் பொங்க வைப்பது எது என்பது எனக்குத் தெரியாததன்று. லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்னும் நுண்ணுயிரே அந்த வேலையைச் செய்கிறது என்று 1965இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று காட்டிற்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே அது இருக்கிறது. கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்பச் செய்கிறது; அமிலத்தையும் உண்டாக்குகிறது. நேரமும் சூடும் மிகுந்தால், அமிலம் உண்டாக்கும் வேறு நுண்ணுயிர்கள் மேலோங்கி மாவு கடுத்துப் போகும். பொங்கிய மாவு அமுங்கியும் விடும். இதையெல்லாம் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் தேர்வு எழுதியவன் ஒருவன். நோட்டீஸ் அடித்தவன் மற்றொருவன் போலும்!

அன்று புதிதாக வந்தவர்களுக்குப் புளித்த இட்லி கிடைத்தது. தேங்காய் போதாமல் சட்டினி நீர்த்தது. கூட்டத்தைச் சமாளித்து வழக்கமான கட்டடங்களுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு போய்விட்டார்கள். ஆண்டுக்கணக்காக இட்லி வாங்கிவந்த குஜராத்தி மூதாட்டி ஒருவர் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பிளேட்டைத் திருப்பி வைத்தார். பணத்தை மட்டும் கொடுத்தார். தந்தையார் அன்று வீட்டுக்கு வந்து சொன்னது இதுதான்: "ஏசியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

அந்த மூதாட்டி எங்களிடம் ஏசவில்லை. ஆனால் கட்டடத்தில் பேசினார். அடுத்த பத்து நாளில் அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள் நின்றுபோயின. 1,000 நோட்டீஸ் கொண்டுவந்த கூட்டம் ஒரு வாரத்தில் கரைந்தது. ஒரு வாய்ச்சொல் கொண்டுபோன வாடிக்கை திரும்பவில்லை. கணக்குப் பார்த்தேன். 700 இட்லியும் விற்றிருந்தாலும், பிளேட்டுக்கு ஆறு வீதம் 116 பிளேட், 2,320 ரூபாய். வழக்கமான நாளில் 500 இட்லி முழுதும் விற்றால் 2,500. அதிகம் அரைத்து, அதிகம் உழைத்து, குறைவாகச் சம்பாதிக்கும் வழியை நான் தந்தையாருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்!

ஓர் உண்மை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. விளம்பரம் என்பது ஒரு பூதக்கண்ணாடி. உள்ளே இருப்பது எதுவோ அதையே அது பெரிதாக்கிக் காட்டும். உள்ளே ஒழுங்கிருந்தால் ஒழுங்கு பெரிதாகும். குழப்பமிருந்தால் குழப்பம் பெரிதாகும். எங்கள் வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

ஒரு மாதம், ஜூன் முழுவதும், ஒன்றையும் மாற்ற வேண்டாம். எழுதுவது மட்டும் செய்வோம் என்று முடிவு செய்தோம். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கும் முதற் பாடம் அது: அளக்காமல் மாற்றாதே. எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை இட்லி அவித்தோம், எந்தத் தெருவில் எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது, யார் கடன் சொன்னார்கள், கல்லாவிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு போயிற்று என்று தந்தையார் சொல்லச் சொல்ல இரவில் எழுதினேன். கல்லா என்று பெயர்தான். அது அவருடைய சட்டைப் பைதான். 2016 நவம்பர் 8ஆம் நாள் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பிறகு, சைக்கிளில் ஒரு யு.பி.ஐ. அட்டையும் தொங்கியது. ஆகவே பாதிப் பணம் பையிலும் பாதிப் பணம் வங்கியிலுமாகப் போய், மொத்தம் எவ்வளவு என்பது அவருக்கே தெரியாமல் இருந்தது.

முப்பது நாள் முடிந்ததும் நோட்டு பேசத் தொடங்கிற்று. பிற்பகல் சுற்று நான்கு மணி நேரம் எடுத்தது. அதில் விற்றதோ அறுபது எழுபது இட்லிதான். நாள்தோறும் சராசரி அறுபது இட்லி மிஞ்சிற்று. ஏறக்குறைய 300 ரூபாய் விலைபெறும் சரக்கு. நின்ற கடன் 4,300 ரூபாய். ஊர்ப்பக்கத்துக் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அதைத் தந்தையார் ஆயிரம் முறை படித்திருப்பார். ஆனால் சைக்கிளில் பலகை மாட்ட இடம் ஏது? கடன் வாங்கியவர்கள் கொடுக்க வேண்டுமே என்று அஞ்சி ஹாரன் கேட்டால் கதவைத் திறப்பதில்லை. பணமும் போயிற்று, ஆளும் போயிற்று.

இன்னும் இரண்டு செய்திகள் அந்த நோட்டில் இருந்தன. அவை என் நெஞ்சைச் சுட்டன.

முதலாவது, மாதந்தோறும் 900 ரூபாய்க்கு நெருக்கமாக ஒரு தவணை கட்டப்பட்டு வந்தது. என்ன தவணை என்று கேட்டேன். தெருவோர வணிகர்களுக்காக மத்திய அரசு 2020 ஜூன் மாதம் பி.எம். ஸ்வநிதித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் முதற்கடனாக அன்று 10,000 ரூபாய் கொடுத்தார்கள். ஓராண்டில் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். தொழிலுக்கு முதலாக வாங்கிய அந்தப் பணம் எங்கே போயிற்று? தந்தையார் பதில் சொல்லவில்லை. தாயார்தான் சொன்னார்: "ஒனக்கு ரெண்டாம் வருசப் பீசு கட்டணும்லாய்யா." பெரிய கிரைண்டர் வாங்கியிருக்க வேண்டிய பணம் என் கல்லூரிக்குப் போயிருக்கிறது. அந்தப் பெரிய கிரைண்டர் இல்லாததால்தான் நண்பகலில் அரைக்க வேண்டியதாயிற்று, மாவும் புளித்தது. புளித்த மாவின் காரணத்தைத் தேடிப் போனவன், கடைசியில் என்னிடமே வந்து நின்றேன்.

இரண்டாவது செய்தி நோட்டில் எழுதப்படாத ஒன்று. "தாமே அரைத்து, தாமே அவித்து" என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா? அரைத்தது அவர் அல்லர், தாயார். தேங்காய் துருவியவர் தாயார். சாம்பாருக்குக் காய் நறுக்கியவர் தாயார். ஈட்டுக்கு ஈடு துணி நனைத்துத் தட்டில் மாவு ஊற்றியவரும் அவரே. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்! முப்பது நாள் கணக்கெழுதிய எனக்கு அவருக்கென்று ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை. அரிசிக்கு ஒரு கட்டம் இருந்தது, எரிவாயுவுக்கு இருந்தது, சைக்கிள் டியூபுக்குக்கூட இருந்தது. சிறு தொழில்களில் கிடைக்கும் இலாபத்தில் எவ்வளவு பங்கு உண்மையான இலாபம், எவ்வளவு பங்கு வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கப்படாத கூலி என்பதைப் பொருளியல் பயிலும் நண்பர்கள் யாராவது ஆராய்ந்தால் நன்று.

ஜூலை முதல் நாள் சில விதிகள் வகுத்தோம். பிற்பகல் சுற்று நின்றது. அவித்தது 500 ஆக இருந்தது 450 ஆயிற்று. தீர்ந்தால் தீர்ந்ததுதான், நாளைக்கு வாருங்கள் என்று சொல்வது. இரவு ஒன்பதுக்கு விளக்கணைப்பு. கடன் இல்லை, பழைய கடனைக் கேட்பதும் இல்லை, கொடுத்தால் வாங்கிக்கொள்வது. விற்ற பணம் முழுதும் முதலில் ஒரு தகர டப்பாவுக்கு. வங்கியில் விழுவதும் அன்றன்றே கணக்கில் ஏறும். அதிலிருந்து தந்தையாருக்கு மாதச் சம்பளம், தாயாருக்கு மாதச் சம்பளம், கிரைண்டருக்கென்று நாளுக்கு 100 ரூபாய்.

"எனக்கு நானே சம்பளமா?" என்று தந்தையார் சிரித்தார்.

"ஒங்களுக்கு எதுக்குச் சிரிப்பு? எனக்கும்லா போடுதான்!" என்றார் தாயார்.

அந்தச் சிரிப்பில் அடங்கிய பொருள் பெரிது. தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கொள்பவன், தன்னைத் தொழிலிலிருந்து வேறாக நிறுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். சட்டைப் பையே கல்லாவாக இருக்கும் வரையில், நல்ல நாளில் தொழில் வீட்டைத் தின்னும். கெட்ட நாளில் வீடு தொழிலைத் தின்னும். தன்னை ஆளுதல் என்பது துறவறமன்று. தன் நேரத்துக்கும் தன் பணத்துக்கும் வரப்பு கட்டுதலேயாம்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒன்பது மணிக்குப் படுக்கத் தொடங்கிய இரண்டாம் வாரமே, தந்தையார் மாவில் கைவிட்டு "இன்னைக்கு உளுந்து கொஞ்சம் பழசு" என்று கண்டுபிடித்தார். அந்தக் கை அவருக்கு எப்போதும் இருந்தது. தூக்கம் கெட்ட நாட்களில் அது வேலை செய்யவில்லை. சிறு வணிகனின் முதல் இயந்திரம் அவனுடைய உடல். கிரைண்டருக்கு எண்ணெய் போடுகிறவன் தன் உடலுக்கு உறக்கம் கொடுக்க மறுப்பது என்ன நியாயம்?

இனி அந்தக் கட்டடம். தந்தையார் ஒரு நாள் மூதாட்டியின் வீட்டுப் படியேறினார். என்னையும் அழைத்துப் போனார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை; நோட்டீஸ் அடித்தவன் இவன் என்று என்னைக் காட்டவும் இல்லை. தமக்குத் தெரிந்த இந்தியில், "அன்று மாவு புளித்திருந்தது. தெரிந்தே கொண்டுவந்தேன். தவறு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். ஒரு பிளேட்டை வைத்தார். அவர் பணம் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். இனாமாகக் கொடுத்திருந்தால் அது இலஞ்சம் போலாகியிருக்கும் என்று இறங்கி வரும்போது சொன்னார். மூன்று வாரம் கழித்து அந்தக் கட்டடத்தில் ஐந்து வீடுகள் திரும்ப வந்தன. தீபாவளிக்குள் ஒன்பது.

அந்தச் சமயத்தில்தான் நோட்டில் ஒரு புதிய கட்டம் போட்டேன்: "யார் சொல்லி வந்தார்?" புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும் தந்தையார் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அவருக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. மூன்று மாதத்தில் 31 பேர் புதிதாக வந்தார்கள். அவர்களில் 26 பேர் யாரோ ஒருவர் சொல்லி வந்தவர்கள். அந்த 26 பேரில் பதினெட்டுப் பேர் மூன்றே மூன்று மனிதர்கள் சொல்லி வந்தவர்கள்! ஒருவர் ஒரு கட்டடத்துக் காவலாளி. இன்னொருவர் பல வீடுகளில் பாத்திரம் துலக்கும் அம்மையார். மூன்றாமவர் அந்தக் குஜராத்தி மூதாட்டியேதான். நோட்டீசைப் பார்த்து வந்ததாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

இது எங்கள் சந்தில் மட்டும் நடக்கும் அதிசயமன்று என்பதைப் பின்னால் நூலகத்தில் படித்து அறிந்தேன். எலிஹு காட்ஸ், பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் இருவர் அமெரிக்காவில் டெகேட்டர் என்ற ஊரில் சுமார் 800 பெண்களைக் கேட்டு ஆராய்ந்து, 1955இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பத்திரிகையும் வானொலியும் செய்யும் விளம்பரத்தைவிட, அறிந்தவர் ஒருவர் சொல்லும் சொல்லே மக்களின் முடிவுகளை மிகுதியும் மாற்றுகிறது என்று கண்டார்கள். அச்சொல்லைச் சொல்லும் மனிதர்கள் பெரிய மனிதர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு பொருளுக்கும் அத்தகையோர் இருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. வீட்டுச் சாமான் வாங்குவதில் பிறர் யோசனை கேட்டது பெரிய குடும்பம் நடத்திய பெண்மணிகளிடம்தானாம். எங்கள் மூதாட்டி அந்த நூலைப் படித்ததில்லை. ஆனால் அந்த நூலில் இருக்கிறார்!

இந்நகரத்திலேயே இதற்குப் பெரிய சான்றுகள் உண்டு. மாட்டுங்காவில் 1940 முதல் நடந்துவரும் கஃபே மெட்ராஸ் வாயிலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்கும் வரிசையை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையே அதற்கு விளம்பரம். 1890ஆம் ஆண்டளவில் மகாதேவ் ஹவாஜி பச்சே தொடங்கிவைத்த டப்பாவாலாக்களின் தொழில், மூடியின்மேல் எழுதிய சில எழுத்துகளையும் எண்களையும் நம்பி நூறாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. உரிய நேரத்துக்கு உரியவர் கைக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டிலும் அவர்களுக்கு வேறு விளம்பரம் என்ன வேண்டும்?

வாய்ச்சொல் வளரும் விதம் எனக்கு நுண்ணுயிர் வளர்ச்சியையே நினைவூட்டுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மாதம் ஒருவர் ஒருவருக்குச் சொன்னால், ஓராண்டில் ஒருவர் 4,096 ஆக வேண்டும். அப்படி ஆவதில்லை, குடுவையில் உணவு தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடுவதுபோல, ஒரு தெருவில் இட்லி தின்பவர்கள் தீர்ந்ததும் அதுவும் நின்றுவிடும். அதனால் குற்றமில்லை. எங்களுக்கு 4,096 பேர் வேண்டாம். 450 இட்லிக்கு உரியவர்கள் போதும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: நல்ல சொல்லைப் பெருக்கும் அதே வழிதான் கெட்ட சொல்லையும் பெருக்குகிறது. மாவைப் பொங்க வைக்கும் அதே பாத்திரத்தில்தான் புளிப்பும் வளர்கிறது.

ஆகவே பிறரைப் பேசச் செய்வதற்கென்று தனி வித்தை ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்தேன். ஏழு மணி என்றால் ஏழு மணி, நேற்றைய பதமே இன்றைய பதம், தவறினால் படியேறிப் போய் ஒப்புக்கொள்ளுதல், பிறகு "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டு, சொன்னவருக்கு ஒரு நன்றி. இவ்வளவுதான். நாம் நம் சொல்லைக் காத்தால், வாடிக்கையாளர் அந்தச் சொல்லைத் தூக்கிச் செல்கிறார். தன்னை ஆளாதவனுக்கு இதில் ஒன்றுகூட இயலாது. இரண்டு கலைகள் என்று நான் எண்ணியது உண்மையில் ஒன்றேதான்.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் நோட்டு என்னை விடவில்லை.

சென்ற தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த முதல் நோட்டுக்குப் பிறகு இன்னும் சில நோட்டுகள் நிரம்பியிருந்தன. பெரிய கிரைண்டர் மூலையில் நின்றது. "யார் சொல்லி வந்தார்" என்ற கட்டத்தை மட்டும் எடுத்து, பெயர் பெயராகக் கூட்டிக்கொண்டிருந்தேன். காவலாளி, பாத்திரக்கார அம்மையார், மூதாட்டி, பால்காரர், பள்ளி ஆசிரியை ஒருவர் என்று பட்டியல் நீண்டது. பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்த தாயார் எட்டிப் பார்த்தார்.

"இதுல ஒம் பேரு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்.

குறை கூறும் குரலில்லை, உண்மையாகவே தேடினார். எங்கும் இல்லை. ஒரு பக்கத்தில்கூட இல்லை.

எப்படி இருக்கும்? இந்த வளாகத்தில் "உங்கள் தந்தையார் என்ன செய்கிறார்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஹோட்டல் தொழில்" என்றல்லவா சொல்லிவந்தேன்! நம் விடுதி வாயிலுக்கு வரும் இட்லிக்காரர் எங்கள் சந்துக்காரர்; என்னைத் தெரியும். ஆனாலும் நண்பர்கள் சூழ நிற்கும்போது நான் அவரைத் தெரியாதவன்போல் நின்றதுண்டு. அவரும் அதைப் புரிந்துகொண்டு தெரியாதவர்போலவே சட்டினி ஊற்றியதுண்டு. 1,000 நோட்டீசை ஊரார் கதவிடுக்குகளில் செருகத் துணிந்தவனுக்கு, தன் அறைத் தோழனிடம் ஒரு சொல் சொல்லத் துணிவில்லை. காவலாளி செய்ததை, பாத்திரம் துலக்கும் அம்மையார் செய்ததை, அந்தத் தொழிலில் படித்தவன் செய்யவில்லை. விளம்பரத்தைப் பற்றி நான் தந்தையாருக்குப் பாடம் சொன்ன நாளில், என் வாயிலேயே ஒரு நோட்டீஸ் அச்சாகாமல் கிடந்தது.

விடுமுறை முடிந்து திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அறைத் தோழர்கள் இருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர், "இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? பட்டினியாக இருந்திருக்கிறோமே!" என்றார். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் மூவரும் தாராவிக்குப் போனோம். தாயார் சூட்டோடு ஓர் ஈடு இறக்கிக் கொடுத்தார். நண்பர்கள் பணம் நீட்டினார்கள். "எய்யா, வச்சுக்கோங்க" என்று தாயார் மறுக்க, தந்தையார் வாங்கித் தகர டப்பாவில் போட்டார். விதி விதிதானே! பிறகு நோட்டை எடுத்தார். "யார் சொல்லி வந்தீங்க?" என்று முறைப்படி கேட்டார். அவர்கள் என்னைக் காட்டினார்கள்.

தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினார்.